மட்டைக்குக் கீழே நிலம்

மட்டை நன்றாக நனைய வேண்டும். நனையாத மட்டை காற்றுக்கு எழும்பும், எழும்பினால் கீழே கிடக்கிற புல்லுக்கு வெளிச்சம் தெரிந்துவிடும், வெளிச்சம் கண்ட புல் பிறகு ஒருவர் சொல்லும் கேளாது, ஆகவே ஊற்று சுகிர்தா, இன்னும் ஊற்று, என்று எனக்கு நானே சொல்லியபடி பூவாளியைச் சரிக்கிறேன். மண்ணிறமாக இருந்த அட்டைப்பெட்டி மட்டை ஈரம் ஏறி ஏறிக் கறுப்பதைப் பார்க்க ஒரு சந்தோஷம். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. வெயில் வந்திருக்கிறது, சூடு இன்னும் வரவில்லை, குரொய்டனில் ரெயில் பாதைக்குப் பின்னால் இருக்கிற இந்தச் சரிவில் என்னைத் தவிர ஒரு சிவப்பு நெஞ்சுக் குருவிதான் நிற்கிறது. வீட்டோடு நிலம் இல்லாத சனங்கள் பயிர் செய்யவென்று துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிற காணிகள் இவை. அலொட்மென்ட் என்பார்கள். நான் தோட்டம் என்றுதான் சொல்கிறேன், தோட்டத்துக்குப் போட்டு வாறன் என்று நகுலேசனிடம் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கும்போது அந்தச் சொல் வாயில் இனிக்கிறது. கிழமை முழுக்க எங்கள் வீட்டு ஹோலில் மட்டைகள்தான். குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டை, உடுப்புத் தோய்க்கிற மெஷின் வந்த மட்டை, தமிழ்க்கடையில் மாம்பழம் வந்த மட்டை, எல்லாவற்றிலும் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஒட்டுநாடாவை நகத்தால் உரித்து, கம்பிகளைக் கழற்றி, அடுக்கி வைத்தேன். அந்த மனுசன் ரீவி பார்க்கப் போவதற்கு மட்டைக் குவியல்களுக்கிடையில் பக்கவாட்டில் நடந்துபோனார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன். இப்போது அவற்றைக் கூரைக்குக் கிடுகு வேய்கிற மாதிரி ஒன்றின் விளிம்பு மற்றதன் மேல் ஏற விரித்துக்கொண்டு வருகிறேன். இடைவெளி விட்டால் புல் அந்த இடைவெளியால் வரும். இடைவெளி விடக்கூடாது. ஒரு விரல் இடைவெளியும் விடக்கூடாது. இந்த இடத்தில் மனம் ஒவ்வொரு முறையும் தடக்குகிறது, ஏனென்றால் இது நான் புல்லுக்காகக் கற்றுக்கொண்ட சொல் இல்லை.

இங்கே வருவதற்கு முன் நான் வன்னியில் மிதிவெடி அகற்றுகிற வேலை செய்தேன். இதைச் சொன்னால் பள்ளிக்கூடச் சமையலறையில் என்னோடு வேலை செய்கிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பார்க்கிறார்கள், விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று. எல்லாம் இருக்கின்றன. சண்டை முடிந்த பிறகு பிரதேசத்தில் வேறு வேலை இருக்கவில்லை, பெண்பிள்ளைகளையும் இந்த வேலைக்கு எடுத்தார்கள், போனேன். முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குப் பாரமான கவசம், முழங்காலில் நின்று உன் ஒடுங்கிய பாதையில் உனக்கு முன்னால் இருக்கிற மண்ணைப் பல்லுப் போட்ட விறாண்டியால் மெல்ல மெல்ல வறுகிக் குழியாக்கி, பார்த்து, ஒன்றுமில்லை என்றால் சிவப்புத் தலை போட்ட எல்லைத் தடியைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்து, மறுபடியும் முழங்கால். ஒருத்தியின் பாதைக்கும் அடுத்தவளின் பாதைக்கும் நடுவில் இடைவெளி விடக்கூடாது, அதுதான் வேலை, மிச்சமெல்லாம் வெயில். முதல் மிதிவெடியைக் கண்ட நாள் நான் பயப்படவில்லை என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. ஒரு சம்பல் கிண்ணத்தின் அளவு, பச்சையும் இல்லை மண்ணிறமும் இல்லை, வருஷக்கணக்காக ஒரு காலுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது, அதை நான் கண்டேன், அது என்னைக் காணவில்லை. கையைத் தூக்கினேன். பொறுப்பாளர் வந்தார். அன்றைக்குப் பின்னேரம் பக்கத்துப் பாதையில் வேலை செய்த கமலினி என் முதுகில் தட்டி, சுகியக்கா இனி அந்த இடத்தில் ஒரு ஆடும் சாகாது என்றாள். ஆட்டை நினைத்து நான் இரவு முழுக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ காணிகள். வேலை முடிந்ததும் தடிகளைப் பிடுங்குவோம், காணிச் சொந்தக்காரர் வருவார்கள், வந்து மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், ஒரு அம்மா பானை கொண்டுவந்து அங்கேயே பொங்கினாள், நாங்கள் ஒவ்வொரு கவளம் வாங்கித் தின்றுவிட்டு அடுத்த காணிக்கு வாகனத்தில் ஏறினோம். என் கைகள் துப்புரவாக்கிய காணிகளில் ஒன்றிலும் நான் ஒரு கத்தரிக் கன்று வைத்ததில்லை. துப்புரவாக்கு, ஒப்படை, ஏறு. துப்புரவாக்கு, ஒப்படை, ஏறு. கலியாணம் முடித்து நகுலேசனிடம் வந்த பிறகும், மாடி வீட்டின் ஜன்னலில் நின்று கீழ்வீட்டுக்காரரின் புல்தரையைப் பார்க்கிறபோது, இது ஆருடைய காணி, எப்போது ஒப்படைப்பது என்றுதான் மனம் முதலில் கேட்கும். அதனால்தான் இந்தத் தோட்டத்தில் ஒரு துண்டுக்கு என் பெயரைப் பட்டியலில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தேன்.

பூவாளி வெறுமை. தொட்டி மேட்டில் இருக்கிறது, ஏறிப் போய் அமிழ்த்தி எடுக்கும்போது தண்ணீர் விரல்களைக் கடிக்கிறது, நல்ல கடி. திரும்பி வரும்போது மேலே நின்று என் துண்டைப் பார்க்கிறேன், பாதி மட்டை, பாதி இன்னும் முழங்கால் உயரப் புல்லும் முள்ளும். மற்றவர்களின் துண்டுகள் எல்லாம் கிண்டிப் புரட்டிச் சொக்லேட் கேக் மாதிரி இருக்கின்றன. இலையுதிர் காலத்தில் துண்டு எனக்கென்று வந்து, கேட்டுப் பூட்டின் திறப்புக் கையில் கிடைத்த அன்றைக்கே புது மண்வெட்டியோடு வந்தேன். இந்த ஊர் மண்வெட்டி எங்கள் ஊர் மண்வெட்டி போல ஓங்கிக் கொத்துவதில்லை, நேராக நிறுத்தி, மேல் விளிம்பில் ஒரு காலை வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து மிதிக்க வேண்டும். நிறுத்தினேன். சப்பாத்துக் காலைத் தூக்கி விளிம்பில் வைத்தேன். மிதிக்க வேண்டும். மிதி. இங்கே ஒன்றுமில்லை, இது குரொய்டன், இங்கே இத்தனை காலமும் வெள்ளைக்காரர் உருளைக்கிழங்கு போட்டவர்கள், மிதி. கால் விளிம்பில் இருக்கிறது, பாரம் மற்றக் காலில் இருக்கிறது, மற்றக் கால் பாரத்தை விடவில்லை. முதுகால் வியர்வை ஓடுகிறது. ரெயில் போனது, வந்தது, இன்னொன்று போனது. கடைசியில் காலை மெதுவாக, மிக மெதுவாக எடுத்துக் கீழே வைத்தேன், வந்த அடியிலேயே அடிவைத்துப் பின்னால் நடந்து கேட்டுக்குப் போனேன். நகுலேசனிடம் இடுப்பைப் பிடித்துக் காட்டி நாரி நோ என்றேன். அந்த மனுசன் தைலம் தேய்த்துவிட்டார். பிறகும் வந்தேன், பிறகும் நாரி நோ. விறாண்டியோடு முழங்காலில் ஒரு நாள் முழுவதும் நின்று மண்ணுக்குள் கிடக்கிறதைத் தேடி எடுத்தவளுக்கு, ஒன்றும் கிடக்காத மண்ணில் ஒரு மிதி மிதிக்க முடியவில்லை. விசர் பிடித்தவளின் வேலை. ஆனால் விசர் இல்லை. அங்கே நான் தேடினேன், தேடுகிற கைக்குப் பயமில்லை. இங்கே தேடாமல் மிதிக்கச் சொல்கிறார்கள்.

மொரீன் வராமல் இருந்திருந்தால் குளிர்காலம் அப்படியே கழிந்திருக்கும். தோட்டக் கமிட்டியின் செயலாளர், வெள்ளைக்காரப் பெண், பச்சை ரப்பர் சப்பாத்து, யாரோடு கதைத்தாலும் கண் மற்றவருடைய களையில்தான் இருக்கும். தை மாதம் பனிக்குள் என்னைப் பிடித்துக்கொண்டாள். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை, தனக்கு விருப்பமில்லை என்றும், ஆனால் காத்திருக்கிற சனம் நிறைய என்றும், மார்ச் மாதத்துச் சுற்றுப் பார்வைக்குக் கமிட்டி வரும்போது நிலம் விதைப்புக்குத் தயாராக இல்லையென்றால் துண்டு அடுத்தவருக்குப் போகும் என்றும் சொன்னாள். ஒப்படை, ஏறு. போகிற போக்கில் எனக்கு உற்சாகம் தருகிறேன் என்று நினைத்தோ என்னவோ, இது நல்ல மண், யுத்த காலத்தில் இந்தச் சரிவு முழுக்க மரக்கறிதான், ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஜேர்மன்காரன் போட்ட குண்டு ஒன்றுகூட வெடிக்காமல் கிடந்து பிறகு எடுத்தார்கள் என்றாள். நன்றி என்றேன். அதற்குப் பிறகு கிழமைக்கணக்காக எனக்கு இந்தப் பக்கம் வரவே கால் எழவில்லை. ஒரு நாள் கமலினி வன்னியிலிருந்து வீடியோ கோல் எடுத்தாள். அவள் இன்னும் அதே வேலைதான். சாப்பாட்டு நேரம், முகம் முழுக்கப் புழுதி, சிரிப்பு மட்டும் வெள்ளை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நகுலேசனிடம் சொல்லாததை. அவள் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, அப்ப கிண்டாதேங்கோ அக்கா, மேல போடுங்கோ என்றாள். எவ்வளவு லேசாகச் சொன்னாள். அன்று இரவே தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு முறையே இருக்கிறதாம், உலகம் முழுக்கச் செய்கிறார்களாம். நிலத்தைக் கொத்தாமல், புரட்டாமல், புல்லின் மேல் மட்டையை மூடி, மட்டையின் மேல் கூட்டெருவைத் தடிப்பாகப் பரப்பிவிட வேண்டும். வெளிச்சமில்லாமல் புல் சாகும், மட்டை உக்கும், மண்புழு மேலே வந்து எருவைக் கீழே இழுத்துக்கொண்டு போகும், கிண்டுகிற வேலையை அது செய்யும். அதைப் படித்துவிட்டுக் குசினிக்குள் நின்று கையைத் தட்டினேன், தனியாக. மண்புழுவுக்கு மிதிக்கத் தெரியாது. மண்புழு ஒரு நாளும் மிதிக்காது.

கேட்டடியில் கூட்டெரு மலைபோல் குவித்திருக்கிறது, நேற்றுத்தான் லொறி கொட்டிவிட்டுப் போனது. குளிரில் அதன் உச்சியில் ஆவி பறக்கிறது. கையை உள்ளே விட்டால் சுடுகிறது, சமைத்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்றின் வயிறு. இதற்குள் கையை விடப் பயமில்லை, ஏனென்றால் இது மேலே இருக்கிறது, இது நான் பார்க்கக் கொட்டியது. ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டுச் சரிவால் இறக்குகிறேன், சில்லு கீச்சிடுகிறது, கொட்டுகிறேன், விறாண்டியால் பரப்புகிறேன். விறாண்டி. கடையில் எத்தனையோ சாமான் இருக்க இதைத்தான் கை போய் எடுத்தது. இழுக்கிற கோணம், மணிக்கட்டின் அடக்கம், ஒன்றும் மறக்கவில்லை, எருவின் மேல்பரப்பு கோதிவிட்ட தலைமயிர் மாதிரி வருகிறது. ஒரு பாத்தி முடிந்தது. கறுப்பு, சமம், ஆவி. எவ்வளவு வடிவு. இன்னும் பாதி கிடக்கிறது, பின்னேரம் கமிட்டி வரும், தள்ளு சுகிர்தா, தள்ளு. மத்தியானத்துக்குள் தோள் இரண்டும் வேறு ஆருடையதோ மாதிரி ஆகிவிட்டன, ஆனாலும் சந்தோஷம் நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பிள்ளை மாதிரிக் குதிக்கிறது, அதை அடக்கி அடக்கித் தள்ளுகிறேன். கமிட்டி ஒத்துக்கொள்ளுமா. மட்டை போட்டு மூடியிருக்கிறாள், இது தயார்ப்படுத்தலா என்று கேட்டால். கேட்கட்டும். கேட்டால் என்ன சொல்வது. ஆங்கிலத்தில் என்ன சொல்வது. அந்த நேரம்தான் கேட்டடியில் நகுலேசனின் குரல் கேட்டது. கூடவே ஒரு இரும்பு உருளுகிற சத்தம்.

அவருக்குச் சனிக்கிழமை பஸ் ஓட்ட வேண்டும், லீவு போட்டிருக்கிறார் என்னிடம் சொல்லாமல். முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் இழுத்துக்கொண்டு வருவது மண் உழுகிற மெஷின், டிப்போவில் கூட வேலை செய்கிறவரிடம் இரவல் வாங்கியதாம், உமக்கு நாரி ஏலாது, நான் யோசிச்சு வைச்சிருந்தன், ஒரு மணித்தியாலம், முழுக்கப் புரட்டிப் போடலாம் என்கிறார். இரண்டு கைபிடி, முன்னால் எஞ்சின், கீழே வளைந்த கத்திகள். லாண்ட்மாஸ்டர். எங்கள் ஊரில் வயல் உழுகிற லாண்ட்மாஸ்டரின் சின்னத் தம்பி. நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் அவர் கயிற்றை இழுத்துவிட்டார், எஞ்சின் பிடித்துக்கொண்டது, புகை, டக டக டக, அந்தச் சத்தத்தோடு குரொய்டன் இல்லை, வெயில், பனை, சிவப்புத் தடிகள், நான் முழங்காலில் நிற்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கத்துக் காணியில் கனகசபை ஐயா லாண்ட்மாஸ்டரை இறக்குகிறார். அது நாங்கள் இன்னும் தொடாத காணி. அவருடைய காணி. எத்தனையோ வருஷம் முகாமிலும் மற்றவர் வீட்டிலும் இருந்துவிட்டு வந்தவர், மழை வரப்போகுது, இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கிறது என்று ஒவ்வொரு நாளும் எங்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார், பொறுப்பாளர் ஒவ்வொரு நாளும் பொறுங்கோ ஐயா என்பார். அன்றைக்கு அவர் பொறுக்கவில்லை. நாங்கள் விசில் அடித்தோம், கத்தினோம், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை, அல்லது கேட்டும் கையைத்தான் ஆட்டினார், சிரித்துக்கொண்டு, தன் காணியை உழுகிற மனுசன் சிரிக்கிற மாதிரி. பிறகு மண் வந்து என் முகக்கண்ணாடியில் விழுந்தது. முதலில் மண், பிறகுதான் சத்தம், அப்படித்தான் எனக்கு ஞாபகம். எஞ்சின் மட்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. டக டக டக. நான் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன், அந்தக் காணியையும் நாங்கள்தான் துப்புரவாக்கினோம், முழுதாக, ஒரு விரல் இடைவெளி விடாமல், அவருடைய மகளிடம் ஒப்படைத்தோம். அதைப் பற்றி ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்று பார்க்கிறேன். மெஷினுக்கு முன்னால் நிற்கிறேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் என் மட்டைகள். எப்போது ஓடி வந்தேன் தெரியாது. கத்திகள் என் சப்பாத்திலிருந்து கொஞ்சத் தூரத்தில் சுழலுகின்றன, நகுலேசன் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைந்து போயிருக்கிறது. எஞ்சினை நிற்பாட்டினார். குருவி எங்கேயோ பறந்துவிட்டது. என்ன சுகி, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டு வந்து என் தோளைப் பிடிக்கிறார். நாரி நோ என்று சொல்லலாம். எத்தனை தரம் சொன்னேன், இன்னுமொரு தரம் சொல்லலாம், அந்த மனுசன் நம்புவார், தைலம் எடுப்பார், மெஷினைத் திரும்பவும் உருட்டிக்கொண்டு போவார், நான் மறுபடியும் பின்னடி வைத்து நடப்பேன், வாழ்நாள் முழுக்கப் பின்னடி.

"எனக்கு நாரி நோ இல்லை," என்றேன். "எனக்கு நிலத்தை மிதிக்கப் பயம்."

சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. நின்றபடியே சொன்னேன். கனகசபை ஐயா, மழை, கையை ஆட்டினது, கண்ணாடியில் விழுந்த மண், மண்வெட்டி விளிம்பில் வைத்த கால், எல்லாம். என்னைப் பெண்கேட்டு வந்த காலத்தில் அவருடைய சொந்தக்காரர் அந்த வேலை செய்கிற பிள்ளை வேண்டாம் என்றபோது, அந்த வேலை செய்யிற ஆள் எண்டால் பொறுமையான ஆளாத்தான் இருப்பா என்று சொல்லிக் கட்டியவர் இவர். வேலையைப் பற்றி ஒருநாளும் துருவிக் கேட்டதில்லை. எனக்கும் அது வசதி. இப்போது கேட்டுக்கொண்டு நிற்கிறார், கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டு, திரும்பக் கழற்றி. நான் முடித்ததும் மெஷினைப் பார்த்தார், அது ஏதோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாடு மாதிரி. பிறகு மட்டைகளைப் பார்த்தார். கறுத்துக் கிடந்த முதல் பாத்தியைப் பார்த்தார்.

"இது நீர் தனியச் செய்ததோ?" என்றார்.

"ஓம்."

"அப்ப எனக்கு என்ன வேலை எண்டு சொல்லும்."

எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது அழுகை இல்லை, தோளிலிருந்து கவசத்தைக் கழற்றினால் உடம்பு கொஞ்சம் மேலே எழும்புமே, அந்த எழும்பல். மெஷினை அவர் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் காரில் ஏற்றிவிட்டு வந்தார். தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டார். இரட்டை மாடி பஸ்ஸைக் குரொய்டன் சந்துகளில் திருப்புகிற மனுசன் ஒற்றைச் சில்லு வண்டியை நேராக ஓட்டத் தெரியாமல் முதல் வண்டியைப் பாதையிலேயே கவிழ்த்தார், இருவரும் குனிந்து கையால் அள்ளினோம், பரவாயில்லை, கையெல்லாம் எரு, அவர் மூக்கில் எரு, நான் சிரித்தேன், சிரிப்பை நிறுத்த முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு வேலை ஓடியது. அவர் நனைக்க நான் விரிக்க, அவர் கொட்ட நான் பரப்ப, கதையில்லை, விறாண்டியின் சத்தமும் சில்லின் கீச்சும்தான். அங்கே நாங்கள் வரிசையாக முழங்காலில் நின்ற காலத்தில் ஒருவரோடு ஒருவர் கதைக்க முடியாது, தூரம் விட்டுத்தான் நிற்க வேண்டும், ஒருவருக்கு ஏதும் நடந்தால் மற்றவர் மிஞ்ச வேண்டும் என்று கணக்கு. இங்கே அவருடைய தோள் என் தோளில் இடிக்கிறது. எருவை ஏற்றி இறக்கினதில் அவருடைய முகம் சிவந்து வியர்க்கிறது. இனி எனக்கு நோ வரப்போகுது போல, தைலம் வீட்ட இருக்குத்தானே என்றார். புல் போகிறது. முள் போகிறது. ஒவ்வொரு மட்டையும் அவற்றின் மேல் கதவு சாத்துகிற மாதிரி. தள்ளுவண்டி கடைசி எருவைக் கொட்டியபோது நான் கேட்டடிக்கு ஏறிப் போய் நின்று பார்த்தேன். என் துண்டு முழுக்கக் கறுப்பு. மேல் எல்லையிலிருந்து ரெயில் வேலிவரைக்கும் நீட்டி விரித்த ஈரக் கறுப்பு. ஒரு மண்வெட்டி இறங்காத கறுப்பு.

வெயில் சாய்கிற நேரம் மொரீன் வந்தாள், கமிட்டிக்காரர் இரண்டு பேரோடு. அவர்களில் உயரமானவர் பாத்தி ஓரத்தில் குந்தி, இது உண்மையில் கிண்டப்படவில்லையே என்றார். நகுலேசன் வாயைத் திறந்தார், நான் அவருடைய கையைத் தொட்டேன். இது என் காணி, நான் சொல்வேன். என் ஆங்கிலம் வழக்கமாகச் சமையலறைக்குள் மட்டும்தான் நடமாடும், இன்றைக்கு அது வெளியே வந்து நின்றது. கிண்டவில்லை என்றேன். கிண்டப் போவதும் இல்லை என்றேன். கீழே இருக்கிற மண்ணைக் குழப்பத் தேவையில்லை, அது தன் வேலையைச் செய்யும், மேலே இருக்கிற வேலையை நான் செய்வேன், விருப்பமென்றால் ஆடி மாதம் வந்து என் போஞ்சிக் கொடியைப் பாருங்கள் என்றேன். உயரமானவர் எருவைக் கிள்ளி முகர்ந்தார், விரல்களுக்கிடையில் உருட்டினார். மொரீன் ஓரமாக நடந்து ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்தாள், களை தேடுகிற அந்தக் கண்ணோடு, எங்கேயாவது ஒரு புல் நுனி எட்டிப் பார்க்கிறதா என்று. எனக்கு அந்தப் பார்வை தெரியும். நானும் அப்படித்தான் பார்ப்பேன், மற்றவள் முடித்த பாதையை. தேடு மொரீன், வடிவாகத் தேடு. ஒரு இடைவெளியும் இல்லை. சுற்றி முடித்து வந்து, இந்தச் சரிவிலேயே இதுதான் துப்புரவான துண்டு என்று உயரமானவரிடம் சொன்னாள், என்னிடம் இல்லை, அவரிடம், அது இன்னும் நன்றாக இருந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார், முழங்கால் இரண்டும் முறிகிற சத்தம். துண்டு உங்களுடையது, வசந்தம் நல்லபடியாக அமையட்டும் என்றார். அவர்கள் போன பிறகு நகுலேசன் என்னைப் பார்த்த பார்வை, எங்கள் கலியாண ரெஜிஸ்திரேஷன் அன்றைக்குப் பார்த்த பார்வை. ஒப்படைக்க வேண்டாம். ஏற வேண்டாம். வாகனம் வந்து நிற்காது. நாளைக்கும் இந்த மண்தான். அதற்கு அடுத்த நாளும்.

போவம் சுகி, இருட்டப் போகுது என்கிறார். ஓம் என்கிறேன், போகவில்லை. கோட்டுப் பொக்கற்றுக்குள் அவரை விதை இருக்கிறது, இந்தக் குளிருக்கும் முளைக்கிற பெரிய அவரை, பெருவிரல் நகத்தளவு. பெரிய பாத்தியின் ஓரத்தில் முழங்காலில் இருக்கிறேன், முழங்காலுக்கு இந்த இருப்பு நன்றாகத் தெரியும். எங்களுக்கு வேலை பழக்கியபோது முதல் நாள் சொல்லித் தந்தது இதுதான்: மண்ணை ஒருநாளும் மேலிருந்து நேராகக் குத்தாதே. பக்கத்தால் போ, சரிவாகப் போ, ஏனென்றால் அது மேலிருந்து வருகிற பாரத்துக்காகத்தான் காத்துக்கொண்டு கிடக்கிறது. கை அதைத்தான் செய்யப் பார்க்கிறது, சரிவாக, பக்கத்தால், விரல் நுனி எருவைத் தடவிக்கொண்டு போகிறது. நில் என்கிறேன் கைக்கு. கையுறையைக் கழற்றுகிறேன். சுட்டுவிரலை நிமிர்த்திப் பிடித்து, நேராக, மேலிருந்து, என் தோளின் பாரம் முழுவதையும் கொடுத்துக் குத்துகிறேன். எரு வெதுவெதுப்பாக விடுகிறது. நனைந்த மட்டை. அது மாம்பழப் பெட்டி மட்டை, மெல்லியது, காலையிலிருந்து ஊறியது, கொஞ்சம் அடம்பிடிக்கிறது, மண் கண்ணாடியில் விழப் போகிறது, இப்போது, இப்போது, அமத்து சுகிர்தா, அமத்து. மட்டை கிழிந்தது. விரல் முழுதாக உள்ளே போனது, அதற்குக் கீழே இருக்கிற மண்ணுக்குள், அந்தப் பழைய, குளிர்ந்த, ஒருவரும் புரட்டாத மண்ணுக்குள், அது என் விரலைச் சுற்றி மெத்தென்று பிடித்துக்கொண்டது. ரெயில் ஒன்று வெளிச்சத்தோடு போகிறது. நான் விரலை எடுக்கவில்லை. நகத்தடியில் ஏதோ நெளிகிறது, மண்புழு, அது தன் பாட்டில் விலகிப் போகிறது. இன்னும் கொஞ்சம் அமத்துகிறேன், வேண்டுமென்றே.

"என்ன சுகி, கீழ ஏதும் கிடக்கோ?" என்று கேட்டுக்கொண்டு நகுலேசன் பக்கத்தில் வந்து குந்துகிறார், அவருடைய குரலில் இப்போது பயம், எனக்காக வந்த பயம்.

"ஒண்டுமில்லை," என்றேன், பாதை முடிந்ததும் பொறுப்பாளருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிற அந்தக் குரலில், சரிவு முழுக்கக் கேட்க. "ஒண்டுமில்லை. உங்கட விரலையும் தாங்கோ."